ஏழைக் குடும்பத்தோடு தங்கி வறுமையைக் கற்பது: முதன்முறை போகிறவர்களுக்கு

வறுமை ஒழிப்புத் திட்டங்களை வகுப்பவர்கள், அவற்றுக்குப் பணம் ஒதுக்குபவர்கள், மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவர்கள் என்று இந்தத் துறையில் இருக்கும் பலர், ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. களத்துக்கே போகாதவர்கள் என்று சொல்ல முடியாது. வண்டியில் போகிறார்கள், கூட்டம் போடுகிறார்கள், நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். பல வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகுதான் நாளைக்கு என்ன செய்வது என்ற பேச்சே ஆரம்பிக்கிறது. அதைக் கேட்க அங்கே தங்க வேண்டும்.

இங்கிலாந்தின் சசெக்ஸில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் சேம்பர்ஸ், 1983-லேயே இந்த அவசரப் பயணங்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். தார்ச்சாலை போகும் இடம்வரைதான் அதிகாரிகள் போகிறார்கள். ஏற்கெனவே திட்டம் நடக்கிற ஊரைத்தான் பார்க்கிறார்கள். தலைவர்கள், ஆண்கள், நன்மை பெற்றவர்கள் ஆகியோரிடம்தான் பேசுகிறார்கள். படுத்த படுக்கையாய் இருப்பவரும் ஊரைவிட்டுப் போனவரும் கண்ணில் படுவதில்லை. மழை ஓய்ந்து பாதை காய்ந்த பிறகுதான் கிளம்புகிறார்கள். சங்கடமான கேள்விகளை மரியாதை கருதி விட்டுவிடுகிறார்கள். அவரவர் துறை சார்ந்ததை மட்டும் பார்க்கிறார்கள். இவற்றில் எதை நாம் செய்யவில்லை என்று யோசித்துப் பார்த்தால், ஏன் தங்க வேண்டும் என்பதற்குத் தனியாகக் காரணம் தேவைப்படாது.

ஜெர்மனியில் கார்ல் ஓஸ்னர் 1980-களில் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். வெளியாட்கள் சில நாள் ஒரு குடும்பத்தோடு வாழ்வார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உரையாடுவார்கள். முறைசாராத் தொழில் செய்யும் பெண்களுக்காக 1972-ல் இலா பட் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா சங்கம், இந்த முறையைத் தன் உறுப்பினர்களின் வீடுகளிலேயே பல ஆண்டுகளாக நடத்தியிருக்கிறது. ஜேம்ஸ் வுல்ஃபென்சன் தலைவராக இருந்த காலத்தில் உலக வங்கியும் தன் மேலாளர்களைக் கிராமங்களுக்கும் குடிசைப் பகுதிகளுக்கும் தங்க அனுப்பியது. கிராமப்புற வாழ்வாதாரத்துக்காக வேலை செய்யும் இந்தியத் தொண்டு நிறுவனமான பிரதானில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்குக் கிராமத்தில் தங்குவது பயிற்சியின் ஒரு பகுதி. பெயர்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. இம்மெர்ஷன் என்று சொன்னால் இந்தத் துறையில் எல்லோருக்கும் புரியும். நான் உடன் தங்குதல் என்றே எழுதுகிறேன்.

1. எதற்காகப் போகிறோம் என்று முதலில் தெளிவாகுங்கள்

இது ஆய்வும் இல்லை, மதிப்பீடும் இல்லை. கேள்வித்தாள் கிடையாது. உங்கள் திட்டம் வேலை செய்கிறதா என்று உளவு பார்க்கும் வேலையும் கிடையாது. ஒரு குடும்பத்தின் நாள் எப்படிப் போகிறது என்று கூட இருந்து பார்ப்பது, முடிந்தவரை கூடவே செய்வது, அவ்வளவுதான். இதை உங்கள் மேலதிகாரிக்கும் புரியவைத்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் திரும்பி வந்ததும் இருபது பக்க அறிக்கை கேட்பார். அந்த அறிக்கை மனதில் இருந்தால் அங்கே உங்களால் நிம்மதியாக உட்காரக்கூட முடியாது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எந்தக் குடும்பத்தின் கடனையோ உதவித்தொகையையோ வீட்டு ஒதுக்கீட்டையோ நீங்கள் முடிவு செய்கிறீர்களோ, அந்தக் குடும்பத்தில் தங்காதீர்கள். அவர்களால் உங்களிடம் மனம்விட்டுப் பேச முடியாது, பேசவும் கூடாது. உங்கள் அதிகாரம் எட்டாத வேறு பகுதிக்குப் போங்கள்.

2. யார் மூலமாகப் போவது, எந்த வீட்டில் தங்குவது

நேராகப் போய்க் கதவைத் தட்டக் கூடாது. அந்தப் பகுதியில் பல வருடம் வேலை செய்து, மக்களின் நம்பிக்கையைப் பெற்ற ஓர் அமைப்பு நடுவில் இருக்க வேண்டும். அது சங்கமாக இருந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் விருந்தாளியை வீட்டுக்கு அழைப்பது அப்போது உறுப்பினர்களின் முடிவாக இருக்கும். மேலே இருந்து வந்த உத்தரவாக இருக்காது.

வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. உள்ளூர் ஆட்கள் பாசத்தோடு ஊரிலேயே சுத்தமான, நன்றாகப் பேசத் தெரிந்த, திட்டத்தால் முன்னுக்கு வந்த வீட்டைக் காட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, விருந்தாளிக்கு நல்லதைத்தானே காட்டுவார்கள். நன்றி சொல்லிவிட்டு, கூட்டங்களுக்கு அவ்வளவாக வராத, பேர் அடிபடாத குடும்பத்தைக் கேளுங்கள். அதே சமயம், கைக்குழந்தை பிறந்து சில வாரமே ஆன வீடு, தீவிர நோயாளி இருக்கும் வீடு, அன்றாடச் சாப்பாட்டுக்கே வழியில்லாத வீடு ஆகியவற்றுக்கு ஒரு ஆளைக் கூடுதலாக அனுப்புவது கொடுமை. அந்த வீடுகளுக்குப் பகலில் போய் உட்கார்ந்து, வேலையில் கைகொடுத்துவிட்டு வரலாம்.

சம்மதத்தை வீட்டின் ஆணிடம் மட்டும் கேட்டுவிட்டு முடித்துவிடுவார்கள். சமைப்பதும், தண்ணீர் கொண்டுவருவதும், படுக்க இடம் ஒதுக்குவதும் பெண் என்றால், அவரிடம் தனியாக, நீங்கள் இல்லாத நேரத்தில், அவருக்குத் தெரிந்த ஒருவர் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். கடைசி நாளில் மனம் மாறினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பெண் ஊழியர்களைப் பெண்கள் இருக்கும் வீட்டிலேயே தங்கவையுங்கள். ஆண் ஊழியர் தங்கும் வீட்டில் பெண் தனியாக இருக்கக் கூடாது. எந்தக் குழந்தையோடும் நீங்கள் தனித்திருக்கும் நிலை வரக் கூடாது. இதை உங்கள் அமைப்பு எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு வீட்டுக்கு ஒருவர், மொழி தெரியாவிட்டால் கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். அதற்கு மேல் வேண்டாம். இரண்டு பேர் போனால் இரவில் நீங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வீர்கள், வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் அந்தப் பகுதியில் செல்வாக்குள்ள குடும்பத்தைச் சேர்ந்தவராகவோ திட்ட ஊழியராகவோ இருந்தால் வீடு வாய் திறக்காது.

எத்தனை நாள்? சிடா எனப்படும் ஸ்வீடன் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பு பங்களாதேஷில் நடத்திய பணியில், ஒவ்வொரு குடும்பத்தோடும் குறைந்தது நான்கு இரவு தங்கினார்கள். இது நல்ல அளவு என்றே நினைக்கிறேன். முதல் நாள் வீடு முழுக்க விருந்தாளிக்காக நடக்கும். இரண்டாம் நாளும் பாதி அப்படித்தான். அப்புறம்தான் சத்தம் போட்டுப் பேச ஆரம்பிப்பார்கள், குழந்தைக்கு அடி விழும், கடன்காரர் வந்து வாசலில் நிற்பார். இரண்டு இரவுக்குக் குறைந்தால் போகவே வேண்டாம்.

பருவத்தைப் பற்றியும் யோசியுங்கள். விவசாயத்தை நம்பிய பல இடங்களில் மழைக்காலத்தில்தான் இருப்பு தீரும், நோய் வரும், வேலை கூடும், கடன் வாங்க நேரும், எல்லாம் ஒன்றாக. கற்றுக்கொள்ள அதுதான் சரியான நேரம். ஆனால் அந்த வீட்டுக்கு நீங்கள் மிகப் பெரிய சுமையாகும் நேரமும் அதுவேதான். முதல்முறை சாதாரணமான மாதத்தில் போங்கள். வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று பழகிய பிறகு, அதே குடும்பம் சம்மதித்தால், கஷ்ட மாதத்தில் போகலாம்.

3. பணம் கொடுப்பதா, வேண்டாமா

இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பதில் இல்லை. தங்குவதற்கு இவ்வளவு என்று முன்கூட்டியே அறிவித்தால், எந்த வீடு என்பதை உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் முடிவு செய்வார்கள். வீடும் விடுதி மாதிரி ஆகி, உங்களுக்குப் பிடித்ததைச் சமைக்க ஆரம்பிக்கும். ஒன்றுமே கொடுக்காவிட்டால், உங்கள் படிப்புக்கான செலவை அந்தக் குடும்பம் சுமக்கும். அதுவும் அநியாயம்.

எனக்குச் சரியாகப் படுவது இதுதான். முன்பே எதுவும் பேசுவதில்லை. கிளம்பும் நாளில், நீங்கள் சாப்பிட்டதற்கும் உங்களால் அவர்கள் இழந்த வேலை நேரத்துக்கும் கொஞ்சம் மேலாகவே ஈடு கட்டும் அளவுக்கு, வீட்டுக்குத் தினமும் தேவைப்படும் பொருளாகக் கொடுப்பது. என்ன வாங்குவது என்று அந்த நாட்களில் உங்களுக்கே தெரிந்துவிடும். குழுவாகப் போனால் எல்லா வீட்டுக்கும் ஒரே மதிப்பில் கொடுங்கள். வித்தியாசம் வந்தால் நீங்கள் போன பிறகு அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பும். யாராவது ஒருநாள் கூலியை விட்டுவிட்டு உங்களோடு உட்காரப் போகிறார் என்று தெரிந்தால் அதைத் தடுத்து, நீங்களும் அவரோடு வேலைக்குப் போய்விடுங்கள்.

4. மூட்டை கட்டும்போது

சின்னப் பை ஒன்று போதும். மாற்றுத்துணி, போர்வை, டார்ச், உங்கள் மருந்துகள், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், தண்ணீரைச் சுத்திகரிக்கும் மாத்திரை. அந்தப் பகுதிக்குத் தேவையான தடுப்பூசிகளைச் சில வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலோ இருமலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். உங்கள் உடம்பைக் காக்க மட்டும் இதைச் சொல்லவில்லை. கூலிக்குப் போகும் ஒருவர் உங்களால் நான்கு நாள் படுத்துவிட்டால் அந்த மாதமே போய்விடும்.

மடிக்கணினி வேண்டாம். விலை உயர்ந்த கைக்கடிகாரம், நகை, அமைப்பின் சின்னம் போட்ட சட்டையும் தொப்பியும் வேண்டாம். பாட்டில் தண்ணீரைப் பெட்டி பெட்டியாக இறக்காதீர்கள். அவர்கள் குடிக்கும் தண்ணீரையே எடுத்து, உங்கள் குப்பியில் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் வயிறு பழகவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

5. போய்ச் சேரும் முதல் மாலை

அமைப்பின் வண்டியில் வீட்டு வாசலில் போய் இறங்காதீர்கள். கடைசித் தூரத்தையாவது நடந்தோ பேருந்திலோ போங்கள். போய்ச் சேர்வதற்குள்ளேயே அந்த வீட்டிலிருந்து மருத்துவமனை எவ்வளவு தூரம், சாமானை எப்படிச் சுமப்பார்கள் என்பது கொஞ்சம் புரிந்துவிடும்.

யார் நீங்கள் என்று மறைக்க வேண்டாம். “நான் இன்ன வேலை பார்க்கிறேன். உங்களைப் போன்றவர்களைப் பற்றி முடிவு எடுக்கிற இடத்தில் இருக்கிறேன். உங்கள் வாழ்க்கை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன். இதனால் உங்களுக்கு நேரடியாக எதுவும் கிடைக்காது” என்று அவர்கள் மொழியில், சுருக்கமாக. கடைசி வாக்கியத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். கட்டாயம் சொல்லுங்கள். வயதுக்கும் ஊர் வழக்கத்துக்கும் ஏற்ற முறையில் அழையுங்கள், பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வீட்டில் இருக்கும் ஒரே கட்டிலை உங்களுக்கு விடுவார்கள். அதில் யார் படுப்பார் என்று தெரிந்துகொண்டு, குழந்தைகளோடு தரையில் படுக்கிறேன் என்று சிரித்தபடியே சொல்லிவிடுங்கள். ஒருமுறைக்கு மேல் வற்புறுத்தினால் ஒத்துக்கொள்ளுங்கள். அவர்களின் உபசாரத்தோடு மல்லுக்கு நிற்பதும் மரியாதைக் குறைவுதான். கழிப்பறை, குளிக்கும் இடம், எந்த நேரத்தில் யார் போவார்கள் என்பதை அன்று மாலையே கேட்டுவிடுங்கள். பெண்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டுமே ஒரு நாள் எப்படிச் சுருங்கிப்போகிறது என்று அப்போதே தெரியவரும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் இரவு உங்களுக்கென்று விசேஷமாக ஏதாவது செய்வார்கள், சில சமயம் கடன் வாங்கியும் செய்வார்கள். நடுவில் இருக்கும் அமைப்பு இதை முன்கூட்டியே சொல்லித் தடுக்கப் பார்க்க வேண்டும். முழுக்கத் தடுக்க முடியாது. உங்களையும் வீட்டு ஆண்களையும் முதலில் உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். அப்போது தட்டைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பாருங்கள். இரண்டாவது முறை போடவந்த கரண்டி பாத்திரத்தின் அடியில் உரசும் சத்தம் கேட்கும். பரிமாறுகிறவர் இன்னும் சாப்பிடவில்லை. அவருக்குப் பிறகு சாப்பிட மகளும் காத்திருப்பாள். போதும் என்று கையால் மறைத்துவிட்டு, மறுநாள் முதல் சமையல் நடக்கும் இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். காய் நறுக்கத் தெரிந்தால் நறுக்குங்கள். கடைசியாகச் சாப்பிடுகிறவர்களோடு சேர்ந்து சாப்பிடலாமா என்று கேளுங்கள். ஒரு வீட்டுக்குள் உணவு எப்படிப் பங்காகிறது என்பது ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் வருவது மிகக் கடினம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று எண் வரும், அதற்குள் யாருக்கு எவ்வளவு என்று வராது.

6. வேலை செய்யுங்கள், கேள்வியைக் குறையுங்கள்

காலையில் வீடு எழும்போதே எழுந்துவிடுங்கள். தண்ணீருக்குப் போகிறவரோடு குடம் எடுத்துக்கொண்டு போங்கள். விறகுக்கு, ஆடுமாட்டுக்கு, கூலி வேலைக்கு, தெருவில் விற்கப் போகிறவரோடு விற்க, எதுவாக இருந்தாலும் கூடவே. நீங்கள் அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய மாட்டீர்கள். சுமையைத் தலையில் வைத்தால் சாயும், கட்டினால் அவிழும். அப்போது அவர் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பார், நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். நேர்காணலில் ஒருநாளும் வராத பேச்சு அங்கேதான் வரும். கை வேலையில் இருக்கும்போது கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியம் இல்லை. கஷ்டத்தைச் சொல்ல அது பெரிய உதவி.

வருமானம் எவ்வளவு, நிலம் எவ்வளவு, என்னென்ன திட்டத்தில் பயன் பெற்றீர்கள் என்று ஆரம்பித்தால் நீங்கள் கணக்கெடுக்க வந்தவர் ஆகிவிடுவீர்கள், அவர்களும் அதற்கேற்ற பதிலைச் சொல்வார்கள். பார்த்ததைப் பற்றி மட்டும் கேளுங்கள்: “காலையில் வந்தாரே, அவர் யார்?” “இதை ஏன் இப்படிப் பாதியாக வெட்டி வைக்கிறீர்கள்?” இப்படி. அப்புறம் சும்மா இருங்கள். மௌனத்தை நிரப்ப அவசரப்படுவது நம் தொழிலில் வந்த பழக்கம். அதை அடக்க ஒரு நாள் ஆகும். உங்களைப் பற்றி அவர்கள் கேட்டால், சம்பளம் உட்பட, மழுப்பாதீர்கள்.

வீடு என்பது ஒரே குரல் இல்லை. கணவர் சொல்லும் கணக்கும் மனைவி சொல்லும் கணக்கும் வேறாக இருக்கும். வயதானவர்கள் பகலில் தனியாக இருக்கும்போது பேசுவார்கள். குழந்தைகள் உங்களை ஊர் சுற்றிக் காட்டும்போது யார் வீட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். ஊரின் பாகுபாடு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் தெரியும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சரிபார்க்காதீர்கள். நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், சண்டை அங்கேயே இருக்கும்.

7. எதைக் கவனிப்பது

எதையும் என்று சொல்லத்தான் ஆசை. இருந்தாலும் முதன்முறை போகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, பணம் வரும் நேரமும் போகும் நேரமும்தான்.

உலக வங்கியின் கடும் வறுமைக் கோடு 2025 ஜூன் முதல், 2021-ன் வாங்கும் திறன் அடிப்படையில் (அதாவது நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசியைச் சரிக்கட்டி), ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 3 டாலர். 1990-ல் ஒரு நாளைக்கு ஒரு டாலர் என்று தொடங்கிய கணக்கு இது. நாடுகளை ஒப்பிட இப்படி ஒரு எண் தேவைதான். ஆனால் பெரும்பாலான ஏழை வீடுகளில் தினமும் அந்தப் பணம் வருவதில்லை. மூன்று நாள் வரும், ஐந்து நாள் வராது, அறுவடையில் மொத்தமாக வரும், மழையில் நின்றுபோகும். பங்களாதேஷ், இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளிலும் 250-க்கு மேற்பட்ட குடும்பங்களை ஏறக்குறைய ஓராண்டு முழுக்க, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சந்தித்து வரவுசெலவைக் குறித்தவர்கள் கண்டதும் இதுதான். கையில் காசு இல்லாத வீடுகள் சேமிப்பு, கைமாற்று, சீட்டு, கடைக்கடன், வட்டிக்கடன் என்று பல வழிகளை ஒரே சமயத்தில் கையாண்டுகொண்டிருந்தன. இந்த ஓட்டத்தை நீங்கள் தங்கும் வீட்டில் நேரிலேயே பார்க்கலாம். யாரிடம் வாங்கினார், எதை அடகு வைத்தார், யாருக்குத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும், யாருக்குத் தள்ளிப்போடலாம் என்பதைப் பார்த்தால், மாதத்தவணை வைத்து நாம் வகுக்கும் திட்டங்கள் ஏன் சிக்குகின்றன என்று புரியும்.

அடுத்தது, அலுவலகங்களோடு அவர்களுக்கு உள்ள உறவு. நான் தங்கிய ஒரு வீட்டில் கூரைக்கட்டையில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் மாலை அந்த வீட்டு அம்மா தானாகவே அதை இறக்கி மடியில் கொட்டினார். அடையாள அட்டைகள், அவற்றின் நகல்கள், ஒரு சின்னக் கவரில் பாஸ்போர்ட் அளவுப் படங்கள், மருத்துவச் சீட்டுகள், எந்த விண்ணப்பத்துக்குக் கொடுத்தது என்றே தெரியாத ரசீதுகள். ஒரு சான்றிதழ் மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகியிருந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் எத்தனை தடவை நடந்தார், எந்தத் தடவை பேரில் ஓர் எழுத்து தப்பு என்று திருப்பி அனுப்பினார்கள், அன்று யார் வீட்டு வேலையை விட்டுப் போனார் என்று வரிசையாகச் சொன்னார். நம் கோப்பில் ‘ஆவணங்கள் முழுமையாக இல்லை’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வீட்டில் அது பல நாள் கூலி. எந்த வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கிறதா, எது அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கேட்டு வாங்கிப் பார்க்காதீர்கள், அவர்களாகக் காட்டினால் மட்டும்.

மற்றபடி உறக்கம், வலி, பாதி டோஸில் நிறுத்திய மருந்து, பேட்டரி தீர்ந்த போன், பெருமையோடு துடைத்து வைத்திருக்கும் ஒரு பொருள், விளையாட்டு, பாட்டு. கஷ்டத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்தால் அதுவும் பொய்யான படம்தான்.

8. குறிப்பும் படமும்

அவர்கள் முன்னால் நோட்டை எடுக்காதீர்கள். இரவில் படுக்கும் முன்போ பகலில் தனியாகக் கிடைக்கும் அரை மணியிலோ எழுதுங்கள். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, நீங்களாக நினைத்தது என்று தனித்தனியாக எழுதுவது மிகவும் உதவும். திரும்பி வந்த பிறகு இம்மூன்றும் கலந்துவிடும், உங்கள் ஊகத்தையே பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். குடும்பத்தின் பேரையும் ஊரையும் நோட்டிலேயே மாற்றி எழுதுங்கள். படம் எடுப்பதை எனக்கு விட்டால் தடையே செய்துவிடுவேன். அவர்களாகக் கேட்டால் எடுத்து, அச்சிட்டு அனுப்பிவையுங்கள். சமூக ஊடகத்தில் போடவே கூடாது.

9. சங்கடமான நேரங்கள்

பணம் கேட்பார்கள். மகளுக்குப் படிப்பு, கணவருக்கு அறுவைச் சிகிச்சை, கட்ட முடியாத தவணை. இப்படிக் கேட்பது தவறே இல்லை, அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் கேட்பேன். முதல் மாலை சொன்னதையே மரியாதையாகத் திரும்பச் சொல்லுங்கள். பார்க்கிறேன், சொல்லிப் பார்க்கிறேன் என்ற வார்த்தைகள் உங்களுக்கு ஒப்புக்குச் சொல்வது. அவர்களுக்கு அது வாக்கு. எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்கலாம் என்ற தகவல் உறுதியாகத் தெரிந்தால் சொல்லுங்கள். நடுவில் இருக்கும் அமைப்பிடம், அவர்கள் சம்மதத்தோடு, விஷயத்தைச் சேர்த்துவிடுங்கள்.

உயிர் போகிற ஆபத்தில் இந்த விதி எதுவும் கிடையாது. குழந்தைக்குப் பேதி நிற்கவில்லை, பிரசவ வலி எடுத்துவிட்டது என்றால் பார்வையாளராக இருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் எந்த மனிதரும் செய்வதைச் செய்யுங்கள்: வண்டி பிடியுங்கள், பணம் கொடுங்கள், கூடப் போங்கள். வீட்டில் அடிதடி நடந்தால் முதலில் உங்களையும் குழந்தைகளையும் காத்துக்கொண்டு, அமைப்பின் பொறுப்பாளரை உடனே கூப்பிடுங்கள். அதற்கான எண்ணும், இரவில் எடுக்கக்கூடிய ஆளும் கிளம்பும் முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேட்காமல் நீங்களாகத் தட்டிக்கேட்டால், நீங்கள் போன மறுநாள் அடி கூடலாம்.

சிலருக்கு இரண்டாம் இரவு அழுகை வரும், சிலருக்குக் கோபம், சிலருக்கு ஓடிவிட வேண்டும் என்று தோன்றும். உங்களால் கிளம்ப முடியும், அவர்களால் முடியாது. இந்த வித்தியாசம் எத்தனை நாள் தங்கினாலும் மறையாது. அதனால் வறுமையை அனுபவித்துவிட்டேன் என்று எங்கேயும் பேச வேண்டாம். பக்கத்தில் இருந்து பார்த்தீர்கள், அது பெரிய விஷயம்தான், அதற்கு மேல் உரிமை கொண்டாட முடியாது. ஏழைகளை வேடிக்கை பார்க்கும் சுற்றுலா என்று இந்த முறையை விமர்சிக்கிறவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்து உங்கள் வேலையில் எதுவும் மாறாவிட்டால் அவர்கள் சொன்னது சரியாகிவிடும்.

10. வந்தபின் முதல் இரண்டு நாள்

நேரே அலுவலகத்துக்குப் போகாதீர்கள். தங்கப் போன எல்லோரும், முடிந்தால் தங்கவைத்தவர்களும், ஒரே இடத்தில் ஒரு நாளாவது உட்கார வேண்டும். சேவாவின் முறையில் தங்குவதற்கு இணையாக இந்த உரையாடலுக்கும் இடம் உண்டு. ஒவ்வொருவரும் தங்கவைத்தவரின் கதையைச் சொல்வார்கள், பிறகு அதிலிருந்து கொள்கைக்குப் போவார்கள். உலக வங்கியின் 2000-01-க்கான உலக வளர்ச்சி அறிக்கையைத் தயாரிக்கும் பணிக்குத் தலைமை ஏற்றிருந்த பொருளாதார வல்லுநர் ரவி கான்பூர், 1999-ல் குஜராத்தில் சேவாவோடு இப்படித் தங்கி வந்தவர்களில் ஒருவர். புள்ளிவிவரத்திலேயே ஊறிய ஆட்களுக்கும் இதில் கற்க இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பேசும்போது ஒரு எச்சரிக்கை. ஒரு குடும்பம் நாடு ஆகாது. “நான் தங்கிய வீட்டில் இப்படி, ஆகவே எல்லோருக்கும் இப்படி” என்று மேசையில் அடித்துப் பேசும் ஆளாக மாறிவிடாதீர்கள். அந்த வீட்டில் பார்த்தது உங்களுக்குக் கேள்விகளைக் கொடுத்திருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு கணக்கெடுப்புத் தரவுகளிடமும், மற்றவர்கள் தங்கிய வீடுகளிடமும் போங்கள். சிடா இதை நீண்டகாலப் பணியாகவே செய்தது. 2007 முதல் 2011 வரை பங்களாதேஷில் கிராமம், நகரம், நகர விளிம்பு என்று பல இடங்களில் அதே குடும்பங்களிடம் ஆண்டுதோறும் போய்த் தங்கி, ஆரம்ப சுகாதாரமும் ஆரம்பக் கல்வியும் அவர்களை எப்படி எட்டுகின்றன என்று பார்த்தது. மாற்றம் என்பது அப்படித் திரும்பத் திரும்பப் போனால்தான் தெரியும்.

11. அலுவலகத்தில்

பெரிய தீர்மானங்கள் எதுவும் வேண்டாம். உங்கள் கையெழுத்துக்கு உட்பட்டு, மூன்று மாதத்துக்குள் மாற்றக்கூடிய ஒன்றிரண்டை எழுதி வையுங்கள். விண்ணப்பத்தோடு கேட்கும் தாள்களில் எது உண்மையில் தேவையில்லை? ஒரே வேலைக்கு எத்தனை முறை வரவைக்கிறோம்? கூட்டம் வைக்கும் நேரம் கூலிக்குப் போகிறவருக்கு ஒத்துவருமா? தவணை தேதி அவர்களுக்குக் காசு வரும் காலத்தோடு பொருந்துகிறதா? பேரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திக்கொடுக்க யாருக்காவது அதிகாரம் இருக்கிறதா? இவற்றில் ஒன்றை மாற்றினாலே பல வீடுகளுக்கு நாட்கள் மிச்சமாகும். எழுதியதை ஒரு சக ஊழியரிடம் கொடுத்து, மூன்று மாதம் கழித்து உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

தங்கவைத்த குடும்பத்துக்கு, அமைப்பின் வழியாக, ஒரு வார்த்தை அனுப்புங்கள்: சேர்ந்துவிட்டேன், நன்றி, இதைக் கற்றேன், இதை மாற்றினோம் அல்லது மாற்ற முடியவில்லை என்று. அவர்கள் நேரடியாகக் கூப்பிட்டால் எடுங்கள். நீங்களாகத் தனிப்பட்ட முறையில் பணம் அனுப்ப ஆரம்பிக்காதீர்கள், உதவ விரும்பினால் அந்த அமைப்பு அந்த ஊருக்குப் பொதுவாகச் செய்யும் வேலைக்குக் கொடுங்கள். அடுத்த ஆண்டு திரும்பப் போக விருப்பம் இருந்தால், முதல்முறை செய்தது போலவே, நீங்கள் இல்லாதபோது அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் போய்க் கேட்கட்டும். வேண்டாம் என்றால் ஏன் என்று யாரையும் கேட்டு அனுப்ப வேண்டாம். வேறு வீடு பாருங்கள்.